கடலை வாங்குவதிலிருந்து பிண்ணாக்கு வரை: செக்கில் ஆட்டி எண்ணெய் எடுக்க முழுமையான வழிகாட்டி

கலப்படத்துக்குப் பயந்து பாக்கெட் எண்ணெயை விட்டுவிட்டு மரச்செக்குக்கு மாறியவர்கள் இன்று ஏராளம். நல்ல முடிவுதான். ஆனால் செக்கில் ஆட்டியது என்பதற்காக மட்டுமே ஒரு எண்ணெய் பாதுகாப்பானதாகிவிடாது. உள்ளே எது போகிறதோ அதைத்தான் செக்கு வெளியே தரும். சொத்தைக் கடலை போனால் அதன் பூஞ்சை நச்சும் சேர்ந்தே வரும், அதை நீக்க இடையில் வேறு எந்தக் கட்டமும் கிடையாது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் எண்ணெயைவிடக் கடலையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். செக்குக்குப் போவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்துவிட வேண்டும்.

இங்கே சொல்லியிருப்பது நிலக்கடலை எண்ணெய்க்கு. திண்டிவனம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை என்பார்கள்.

ஆலைக்கும் செக்குக்கும் உள்ள வித்தியாசம்

ஆலையில் வித்துகளை எக்ஸ்பெல்லர் என்ற திருகு இயந்திரத்தில் பிழிவார்கள். மிச்சமிருக்கும் எண்ணெயை ஹெக்ஸேன் என்ற கரைப்பானை ஊற்றிக் கரைத்து எடுப்பார்கள். பிறகு பிசின் நீக்கம், காஸ்டிக் சோடா கலந்து அமிலத்தைப் போக்குதல், வெளுப்பு மண்ணில் நிறம் நீக்கம், கடைசியாக வெற்றிடத்தில் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவி பாய்ச்சி வாசனை நீக்கம். இந்தக் கடைசிக் கட்டத்தில் எண்ணெயின் மணமும் வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதியும் போய்விடும். அந்தச் சூட்டில், குறிப்பாகப் பாமாயிலில், கிளைசிடில் எஸ்டர் போன்ற வேண்டாத பொருள்களும் உருவாகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் இது குறித்து எச்சரித்தது. அதே நேரத்தில், கடலையில் பூஞ்சை விட்டுப்போகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சை அந்தக் காஸ்டிக் சோடாவும் வெளுப்பு மண்ணும்தான் பெருமளவு நீக்குகின்றன.

செக்கில் இவை எதுவும் இல்லை. வாகை மரத்தாலோ புளிய மரத்தாலோ செய்த உரலுக்குள் உலக்கை மெதுவாகச் சுற்றும். சூடு பெரிதாக ஏறாது. மணம், நிறம், சுவை எல்லாம் அப்படியே வரும், கெட்டதும் அப்படியே வரும். ரீஃபைண்டு எண்ணெய் விஷம், செக்கு எண்ணெய் அமுதம் என்று சொல்வது இரண்டு பக்கமும் தவறு.

பாட்டிலில் பெரிதாக அச்சடிக்கும் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்ற வரியைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். தாவர எண்ணெய் எதிலுமே கணக்கில் கொள்ளும் அளவு கொலஸ்ட்ரால் கிடையாது.

எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

செக்கு எண்ணெயை ஓர் ஆண்டுக்குச் சேர்த்து ஆட்டி வைப்பது தவறு. மூன்று மாதத் தேவையே ஒரு தடவைக்குச் சரியான அளவு.

நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 மில்லி வரும். தேங்காய், பால், நெய், கடலை ஆகியவற்றிலும் கொழுப்பு இருப்பதால் இதுவே தாராளம். மூன்று மாதத்துக்கு 6 லிட்டர்.

மரச்செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். ஆக 6 லிட்டருக்கு 15 கிலோ. பொறுக்கும்போது கழிவது போக 16 கிலோவாக வாங்குங்கள். தோலோடு காயாக வாங்கினால் 100 கிலோ காய்க்கு 65 முதல் 70 கிலோ பருப்பு கிடைக்கும், எனவே 24 கிலோ காய்.

பருப்பில் எண்ணெய் 45 முதல் 50 சதவீதம் உண்டு, அதில் ஒரு பங்கு பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். பத்துக் கிலோவுக்கு 5 லிட்டர் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் மரச்செக்கில் அது நடக்காது. பத்துக் கிலோவுக்கு 3 லிட்டர்தான் வந்தது என்றால் பருப்பு முற்றாதது, அல்லது ஆட்டியதில் கோளாறு.

இதே கணக்கு, கடையில் விற்கும் செக்கு எண்ணெயைச் சோதிக்கவும் உதவும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரைக் கிலோவுக்கு 325 ரூபாய். ஆட்டுக்கூலி 25 ரூபாய் சேர்த்தால் 350. பிண்ணாக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரும், அதை விற்றால் 50, 60 ரூபாய் திரும்பும். லிட்டருக்கு அடக்கம் 290 ரூபாயைத் தாண்டுகிறது. மொத்த விலைக்கு வாங்குகிறவருக்கு இதில் கொஞ்சம் குறையலாம். அந்த நாளில் ஒருவர் ‘சுத்தமான மரச்செக்கு’ என்று 200 ரூபாய்க்கு விற்றால் அதில் பாமோலினோ வேறு மலிவான எண்ணெயோ கலக்காமல் அந்த விலை கட்டுப்படியாகாது. உங்கள் ஊர்ப் பருப்பு விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள். வீட்டில் செய்யக்கூடிய கலப்படச் சோதனைகளிலேயே நம்பத்தக்கது இந்த விலைக் கணக்குதான்.

ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். குளிரில் பாமோலினும் கலங்கும், சுத்தமான கடலை எண்ணெயும் கலங்கும். எண்ணெயை மருந்துச் சாமான்களோடு கலந்து ஆறவிட்டு, எந்த வெப்பநிலையில் கலங்குகிறது என்று ஆய்வகத்தில் பார்க்கும் பெல்லியர் சோதனை வேறு. அதில் கடலை எண்ணெய் 39 முதல் 41 டிகிரிக்குள் கலங்க வேண்டும் என்பது விதி. அதற்கு மருந்துச் சாமான்கள் வேண்டும், அடுப்படியில் ஆகாது.

கடலை வாங்குதல்: எல்லாம் ஈரத்தில்தான் இருக்கிறது

அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சைதான் அஃப்ளடாக்சினை உண்டாக்குகிறது. 25 முதல் 35 டிகிரி வெப்பமும் ஈரமும் இருந்தால் போதும், பெருகும். நம் ஊர் வெயிலே அதற்கு ஏற்ற வெயில். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கூட்டமாகச் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனமே காரணம் என்று தெரிந்த பிறகுதான் இந்த நச்சு அடையாளம் காணப்பட்டது. இது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மஞ்சள் காமாலை பி வைரஸ் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. வறுத்தாலும் தாளித்தாலும் பொரித்தாலும் இது முழுதாக அழியாது.

பூஞ்சை கடலைக்குள் புகும் இடங்கள் மூன்று.

முதலாவது வயல். காய் முற்றும் கடைசி மூன்று, நான்கு வாரங்களில் மழையில்லாமல் செடி வாடினால் மண்ணுக்குள்ளேயே பூஞ்சை ஏறிவிடும். மானாவாரி ஆடிப்பட்டக் கடலையில் இந்த ஆபத்து அதிகம், அறுவடை நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காயவைப்பதும் கெடும். மார்கழியில் விதைத்து பங்குனி, சித்திரையில் பிடுங்கும் இறவைக் கடலைக்குத் தண்ணீரும் உண்டு, அறுவடையில் வெயிலும் உண்டு. எண்ணெய்க்கு வாங்க ஏற்றது அதுதான்.

இரண்டாவது காயவைப்பு. பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கத் திருப்பிப் போட்டு உலர்த்தி, காயைப் பறித்து, மறுபடி மெல்லிய பரப்பாகக் காயவைக்க வேண்டும். காயில் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். குவியலாகப் போட்டால் நடுவில் புழுக்கம் தங்கி அங்கே பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாவது, பலருக்குத் தெரியாதது. இயந்திரத்தில் தோலுரிக்கும்போது பருப்பு உடையாமல் இருக்கக் காயின்மேல் தண்ணீர் தெளிப்பது வழக்கம். எடையும் கூடும் என்பதால் வியாபாரிக்கு இரட்டை லாபம். அந்த ஈரப் பருப்பு மூட்டைக்குள் இரண்டு நாள் கிடந்தாலே நச்சுக்கு வழி திறந்துவிடும். நல்ல விவசாயி நன்றாகக் காயவைத்த கடலை இந்த ஒரு வேலையால் கெட்டுப்போகிறது.

அதனால் எங்கள் பரிந்துரை இது. முடிந்தால் காயாக வாங்குங்கள். தெரிந்த விவசாயியிடமோ, ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்துக்குச் சரக்குக் கொண்டுவருகிறவரிடமோ கேட்கலாம். தோல் இருக்கும்வரை அதுவே காப்பு. ஆட்டுவதற்கு முந்தைய வாரம் தண்ணீர் தெளிக்காமல் உரித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் உடையும், உடைந்ததை உடனே ஆட்டிவிட்டால் நட்டமில்லை. பருப்பாகத்தான் கிடைக்கும் என்றால் எப்போது உரித்தது என்று கேளுங்கள். பத்து நாளுக்குள் உரித்ததாக இருப்பது நல்லது.

வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை:

- காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென ஒலிக்க வேண்டும். ஒலி மந்தமாக இருந்தால் ஈரம்.
- பருப்பை விரல்களுக்கிடையே தேய்த்தால் மேல்தோல் சருகாகக் கழன்று வர வேண்டும். ஒட்டிக்கொண்டு வழுவழுவென நின்றால் காயவில்லை.
- இரண்டாக உடைத்தால் ‘பட்’டென்று ஒடிய வேண்டும். வளைந்து மெதுவாகப் பிரிந்தால் வாங்காதீர்கள்.
- மூட்டையின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். மேல் பகுதியைவிட நடுவில் வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே ஏதோ வளர்கிறது.
- முகர்ந்து பாருங்கள். மண்வாடை சரி. பழைய துணிப்பெட்டியைத் திறந்தது போன்ற புழுங்கல் வாடை இருந்தால் பேரம் பேச வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

எண்ணெய்க்குத்தானே என்று இரண்டாம் தரம், மூன்றாம் தரம் வாங்குவது ஊர் வழக்கம். சாப்பிட நல்ல பருப்பு, ஆட்ட உடைசல் என்று பிரிப்பார்கள். தலைகீழான பழக்கம் இது. சாப்பிடும்போது கசக்கும் ஒரு பருப்பை நாக்கு காட்டிக் கொடுக்கும், துப்பிவிடலாம். எண்ணெயில் கலந்தால் அது தெரியாது.

பொறுக்குதல்

இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. அஃப்ளடாக்சின் எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவி இருக்காது. பெரும்பாலான பருப்பு சுத்தமாக இருக்கும், சிலவற்றில் மட்டும் மிக அதிகமாக மண்டியிருக்கும். அந்தச் சிலவற்றை எடுத்துவிட்டால் மொத்தச் சரக்கின் அளவும் சரிந்துவிடும். கடலையைப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஏற்றுமதிக்காரர்கள் நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் வைத்து அந்த வரம்புக்குள் வருகிறார்கள். வீட்டில் அந்த வேலையைக் கண் செய்ய வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் வெள்ளை வேட்டியை விரித்து, ஒரு தடவைக்கு ஒரு கிலோ அளவில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். குவியலாக வைத்துப் பொறுக்கினால் பாதி தப்பிவிடும். எடுத்துப்போட வேண்டியவை: மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் தூள் படிந்தவை, கறுத்தவை, சுருங்கிச் சூம்பியவை, முளைவிட்டவை, வண்டு துளைத்தவை, தோல் நிறம் மங்கிப் பழுப்பானவை. சந்தேகமாகத் தோன்றும் பருப்பை இரண்டாகப் பிளந்து பாருங்கள். இரு பாதிக்கும் நடுவிலுள்ள குழியில் சாம்பல் அல்லது பச்சை இழை தெரிந்தால் அந்த மூட்டையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் வெளியே நன்றாகத் தெரிபவற்றிலும் உள்ளே பூஞ்சை இருக்கிறது என்று பொருள்.

16 கிலோவில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ கழிவது இயல்பு. இரண்டு கிலோவுக்கு மேல் கழிந்தால் மிச்சத்தையும் ஆட்டாமல் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

கழித்ததை மாட்டுக்கோ கோழிக்கோ போடாதீர்கள். குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். வேலையின்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பொறுக்கியதை இரண்டு நாள் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை பாயில் மெல்லிதாகக் காயவையுங்கள். வெறும் தரையில் வேண்டாம். மாலையில் சூடு ஆறிய பிறகே மூட்டை கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும்.

செக்கைத் தேர்வு செய்தல்

கூலிக்கு ஆட்டிக் கொடுக்கும் செக்குக்கே போங்கள், கூடவே நில்லுங்கள். போர்டில் மரச்செக்கு என்று எழுதிவிட்டுப் பின்னால் எக்ஸ்பெல்லர் ஓடும் கடைகளும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விகள்:

இதே உரலில் வேப்பங்கொட்டை, ஆமணக்கு, புங்கன், இலுப்பை எதுவும் ஆட்டுகிறீர்களா? ஆட்டினால் வேண்டாம். மரத்தின் இழைகளுக்குள் பழைய எண்ணெய் ஊறி நிற்கும், ஆமணக்கும் வேம்பும் சமையல் எண்ணெயில் சேரக் கூடாதவை.

கடைசியாக ஆட்டியது என்ன, எப்போது? நாள்கணக்கில் ஓடாமல் கிடந்த உரலில் ஒட்டியிருக்கும் எண்ணெய் காறிப்போயிருக்கும். அது உங்கள் புது எண்ணெயையும் சீக்கிரம் காறவைக்கும். தினமும் ஓடும் செக்கில், கடலை ஆட்டி முடித்த கையோடு உங்கள் கடலையைப் போடச் சொல்லுங்கள். எள் ஆட்டிய பின் என்றால் எள் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

மேலே கியர் பெட்டியிலிருந்து கிரீஸ் சொட்டுகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். உலக்கையின் மேல்தண்டில் கறுப்புக் கோடு வழிந்திருந்தால் வேறு செக்கைப் பாருங்கள்.

கடையில் விற்பனைக்கு வைத்திருக்கும் எண்ணெயை வாங்குவதாக இருந்தால், பேக் செய்து லேபிள் ஒட்டியதையே வாங்க வேண்டும். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதை 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. லேபிளில் 14 இலக்க உரிம எண், ஆட்டிய தேதி, முகவரி மூன்றும் இருக்க வேண்டும்.

ஆட்டும்போது

பத்துக் கிலோ கொள்ளும் செக்கில் ஒரு ஈடு முடிய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முதலில் பருப்பு பொடியும், பிறகு மாவாகத் திரளும். அப்போது ஆட்டுகிறவர் தண்ணீர் தெளிப்பார். பத்துக் கிலோவுக்குச் சுமார் 200 மில்லி போதும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் தெளிக்க வேண்டும். இந்தத் தண்ணீரில்லாமல் மாவு இறுகாது, எண்ணெயும் பிரியாது. அதிகமானால் எண்ணெய் பால்போலக் கலங்கி, தெளிய நாளாகும், சீக்கிரம் கெடும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை நீங்களே ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். கடலைக்கு வெல்லமோ கருப்பட்டியோ தேவையில்லை, அது எள்ளுக்கான வழக்கம்.

மாவு உரலின் ஓரத்தில் சுவர்போல இறுகி, நடுவில் எண்ணெய் தேங்கத் தொடங்கினால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாகத்தான் இருக்க வேண்டும். கை பொறுக்காத சூடு என்றால் உலக்கை வேகமாகச் சுற்றுகிறது, வறுத்த வாசனை வரும், சீக்கிரம் காறும்.

பாத்திரம்

1977-78-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்குக் கைகால் நரம்புகள் செயலிழந்தன. பூப்பெய்திய பிறகு சில நாள் நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கப்படி அவர்களுக்குக் கொடுத்த எண்ணெயில் டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற நச்சு இருந்தது. எள்ளிலோ ஆட்டியதிலோ குற்றமில்லை. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுபோனதால் கலந்திருக்க வேண்டும் என்று மருத்துவ ஆய்வு முடிவு சொன்னது. எவ்வளவு கழுவினாலும் மசகு எண்ணெய், பெயின்ட், பூச்சிமருந்து இருந்த கேன் சமையல் எண்ணெய்க்கு ஆகாது. செக்குக்கடைக்காரர் கொடுக்கும் பழைய கேனையும் வாங்காதீர்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கோ டின்னோ எடுத்துச் செல்லுங்கள். கழுவி, வெயிலில் முழுதாகக் காயவைத்ததாக இருக்க வேண்டும். ஒரு கரண்டித் தண்ணீர் அடியில் நின்றாலும் அது எண்ணெயைக் கெடுக்கும். பித்தளை, செம்பு, இரும்புப் பாத்திரங்கள் வேண்டாம், அந்த உலோகங்கள் எண்ணெய் காறுவதை வேகப்படுத்தும்.

தெளியவைத்தல்

புது எண்ணெய் கலங்கலாக, பழுப்பாக இருக்கும். அதில் மிதக்கும் மாவுத்துகள்கள்தான் கசடாக அடியில் இறங்கும். நச்சு ஏதேனும் மிஞ்சியிருந்தால் இந்தத் துகள்களில் அதிகம் தங்கியிருக்கும், அதனால் கசட்டோடு பயன்படுத்தத் தொடங்காதீர்கள்.

அகல வாயுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி நான்கு முதல் ஏழு நாள் அசைக்காமல் வையுங்கள். பிறகு மேல் எண்ணெயை மட்டும் மெதுவாகச் சாய்த்து, நான்காக மடித்த மல் துணியில் வடிகட்டுங்கள். 6 லிட்டரில் 200 முதல் 300 மில்லி வரை கசடு நிற்கும். அதை வீணாகிறதே என்று குழம்பில் ஊற்ற வேண்டாம்.

ஊரில் எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவைப்பார்கள். அதில் காரணம் உண்டு. சூரிய ஒளி அஃப்ளடாக்சினைச் சிதைக்கும் என்பதை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் 1970-களிலேயே கடலை எண்ணெயில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே வெயில் எண்ணெயைக் காறவும் வைக்கும். வடித்த எண்ணெயை ஆழமில்லாத அகலத் தட்டுகளில் ஊற்றி உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தெடுத்தால் போதும். மூன்று நாள், ஒரு வாரம் என்று மொட்டை மாடியில் விட்டுவிடுவதில் கேடுதான் மிச்சம். கெட்ட கடலையை வெயில் நல்லதாக்கிவிடும் என்று நினைத்துப் பொறுக்கும் வேலையை விட்டுவிடவும் கூடாது.

சேமிப்பு

காற்று, வெளிச்சம், சூடு, ஈரம் ஆகிய நான்கும் எண்ணெய்க்குப் பகை. 6 லிட்டரையும் ஒரே டின்னில் வைத்துத் தினமும் திறக்காதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். பயன்பாட்டில் ஒன்று மட்டும் வெளியே இருக்கட்டும், அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். பாட்டிலில் ஆட்டிய தேதி எழுதி ஒட்டுங்கள். தீர்ந்த பாட்டிலில் மிச்சத்தின்மேல் புது எண்ணெயை ஊற்றாமல், கழுவிக் காயவைத்து நிரப்புங்கள்.

மூன்று மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தால் கடலை மணம் வர வேண்டும். பழைய மிக்சர் வாடை வந்தால், நாக்கில் வைத்ததும் தொண்டையில் காறினால், அந்தப் பாட்டிலைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

சமையலில்

சுத்திகரிக்காத கடலை எண்ணெய் ரீஃபைண்டு எண்ணெயைவிடக் குறைந்த சூட்டிலேயே, சுமார் 160 டிகிரியில், புகையத் தொடங்கலாம். தாளிப்பு, பொரியல், குழம்புக்கு இது பொருத்தம். வடை, பஜ்ஜிக்கு வேண்டிய சூடும் 160 முதல் 180 டிகிரிதான், அதனால் கடாயை அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. புகை எழுந்தால் தீயைக் குறையுங்கள். செக்கு எண்ணெய் நுரைத்துப் பொங்கும், கடாயில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

பொரித்த எண்ணெயை ஆறியதும் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மறுபடி மறுபடி பொரிக்க வேண்டாம். உணவகங்களில் எண்ணெயின் மொத்த துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் கருவி இல்லை என்பதால் கண்ணால்தான் அறிய வேண்டும்: நிறம் கறுத்து, பாகுபோலக் கெட்டியாகி, சிறு நுரை அடங்காமல் நின்றால் அது முடிந்த எண்ணெய். அதைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும், சாக்கடை நீரின்மேல் படலமாகப் படியும். பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ உறிஞ்சவைத்துக் குப்பையில் போடுங்கள். அடுக்ககங்களில் பலர் சேர்ந்து சேமித்தால், பயோடீசலுக்கு வாங்கிச் செல்லும் சேகரிப்பாளர்களிடம் கொடுக்கலாம்.

பிண்ணாக்கு: பாலுக்குத் திரும்பி வரும் நச்சு

15 கிலோவுக்கு எட்டு, ஒன்பது கிலோ பிண்ணாக்கு வரும். கடலையில் இருந்த அஃப்ளடாக்சினில் பெரும்பங்கு எண்ணெயில் அல்ல, பிண்ணாக்கில்தான் தங்குகிறது. அதைத் தின்ற மாட்டின் பாலில் அது அஃப்ளடாக்சின் எம்1 என்ற வடிவில் வெளிவரும், பாலைக் காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் எடுத்து 2019-இல் வெளியிட்ட பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 5.7 சதவீதம் இந்த நச்சுக்கான வரம்பைத் தாண்டின. எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை, பேசியாக வேண்டும்.

பொறுக்கிய கடலையின் பிண்ணாக்கு நல்ல தீவனம். புதிதாக வந்த கட்டிகளில் எண்ணெயும் ஈரமும் இருக்கும். உடைத்து ஒரு நாள் வெயிலில் காயவைத்து, காற்றோட்டமான இடத்தில் பலகை மேல் சாக்கில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் தீர்ப்பது உத்தமம். பச்சைப் பூத்த கட்டியைச் சுரண்டிவிட்டுக் கொடுப்பது கூடாது, இழை உள்ளே ஓடியிருக்கும். அதை மாட்டிடமும் காட்டாமல், உரக்குழியிலும் திறந்து போடாமல், ஆழமாகப் புதையுங்கள். மாடில்லாத வீட்டார் நல்ல பிண்ணாக்கைச் செடிகளுக்கு உரமாக்கலாம். ஒரு கைப்பிடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றினால் போதும்.

சந்தேகம் வந்தால்

வாங்கிய எண்ணெய் கலப்படம் என்று தோன்றினால் பில்லையும் மூடி திறக்காத பாட்டிலையும் வைத்திருங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடையின் பெயர், முகவரி, லேபிள் படம் மூன்றையும் அனுப்புங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே விற்பவரிடம் அந்த எண்ணத்தைத் தெரிவித்திருக்க வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அஃப்ளடாக்சின் சோதனைக்குத் தனியாகக் கேட்டு எழுதிக் கொடுங்கள், வழக்கமான எண்ணெய்ச் சோதனையில் அது சேராமல் போகலாம். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே விவசாயியிடம் மொத்தமாகக் கடலை வாங்கினால், ஒரு மாதிரிக்கான கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டு ஆட்டுவதற்கு முன்பே கடலையைச் சோதித்துவிடலாம். அதற்கு மூட்டைக்கு மூட்டை, மேல், நடு, அடி என்று பல இடங்களில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, ஒன்றாகக் கலந்து ஒரு கிலோ மாதிரியாக அனுப்ப வேண்டும். ஒரே இடத்தில் அள்ளிய மாதிரியில் அந்தச் சில கெட்ட பருப்புகள் சிக்காமலே போய்விடும்.